கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் கோடை விடுமுறையும் (ஐக்கிய அமெரிக்கா)

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடைய சிறுவர்களுக்கான கோடை விடுமுறைத் திட்டமிடல் என்பது, பள்ளிகள் மூடியிருக்கும் ஏறத்தாழப் பத்து வாரங்களில் ஒழுங்கான நாளமைப்பு, உடலியக்கம், ஒத்த வயதினருடன் பழகும் வாய்ப்பு, பெரியவர்களின் மேற்பார்வை ஆகியவற்றைக் குடும்ப வருமானத்துக்கு உட்பட்ட செலவில் ஏற்படுத்தித் தருவதைக் குறிக்கும். இக்குறைபாடு அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏடிஎச்டி என்றே பரவலாக அறியப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்கள் வெளியிட்டுள்ள 2022ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, அந்நாட்டில் 3 முதல் 17 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 70 இலட்சம் பேருக்கு (11.4%) எப்போதாவது இக்குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது. இது பெற்றோர் தெரிவித்த விடைகளை அடிப்படையாகக் கொண்ட கணக்காகும்.

இச்சிறுவர்களுக்கெனவே வடிவமைக்கப்பட்ட கோடை முகாம்கள் உள்ளன. அவை பலன் தருவதாக ஆய்வுகள் காட்டினாலும் அவற்றின் கட்டணம் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. ஆயினும் அம்முகாம்களில் பலன் தரும் கூறுகளுள் பல, அதிகப் பணம் தேவைப்படாதவை. அவற்றை நூலகம், பூங்கா, நகராட்சி நீச்சற்குளம் முதலிய பொது இடங்களோடு இணைத்து ஒரு கோடையை அமைக்க முடியும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நிலைமையை மட்டுமே விளக்குகிறது. அங்கே கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதில்லை. மாநிலத்தைப் பொறுத்து மே இறுதியிலோ சூன் மாதத்திலோ தொடங்கி ஆகத்து அல்லது செப்டெம்பர் தொடக்கம் வரை நீடிக்கும்.

பின்னணி

பள்ளிக்கூடம் பாடம் கற்பிப்பதோடு நேரத்தையும் பகுத்துத் தருகிறது. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எங்கே அமர வேண்டும், அடுத்து என்ன வரும் என்பவற்றை மணியோசையும் ஆசிரியரும் முடிவு செய்கின்றனர். ஏடிஎச்டி உடைய சிறுவருக்கு இந்தப் புறக்கட்டமைப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுள் பெரும்பாலோருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதுதான் கடினம். உளவியலாளர் இரசல் பார்க்லி இதனை வலியுறுத்தி, உதவி என்பது செயல் நிகழும் இடத்திலும் நேரத்திலும் கிடைக்க வேண்டும் என்கிறார். மாலையில் சொல்லப்படும் அறிவுரை காலையில் நடந்ததைத் திருத்துவதில்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு கூறு, காத்திருத்தலை ஏற்காமை ஆகும். எட்மண்ட் சொனுகா-பார்க் முதலிய ஆய்வாளர்கள், இச்சிறுவர்கள் தாமதமாகக் கிடைக்கும் பெரிய பரிசைவிட உடனே கிடைக்கும் சிறிய பரிசையே நாடுகின்றனர் என்று காட்டியுள்ளனர். "விடுமுறை முழுவதும் ஒழுங்காக இருந்தால் மிதிவண்டி வாங்கித் தருவேன்" என்ற வாக்குறுதி வீட்டில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம்.

விடுமுறை தொடங்கியதும் மணியோசை நின்றுவிடுகிறது. உறங்கும் நேரம் தள்ளிப்போகிறது, காலையுணவு நண்பகலுக்கு நகர்கிறது, திரை முன் அமரும் நேரம் கூடுகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், அல்லது ஒற்றைப் பெற்றோர் குடும்பத்தில், சிறுவரை யார் பார்த்துக்கொள்வது என்பதே முதற் கேள்வியாகிறது. சாதாரணப் பகல் முகாமுக்கே வாரத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் செலவாகலாம். பணம் கட்டிச் சேர்த்த பின்னரும், நடத்தையைக் காரணம் காட்டிச் சில நாட்களிலேயே சிறுவர் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. அப்போது கட்டணம், பெற்றோரின் விடுப்பு நாட்கள், சிறுவரின் தன்மதிப்பு ஆகிய மூன்றும் ஒருசேர இழக்கப்படுகின்றன.

கோடைகாலச் சிகிச்சைத் திட்டம்

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட முன்மாதிரி, உளவியலாளர் வில்லியம் பெல்லாம் 1980இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோடைகாலச் சிகிச்சைத் திட்டம் ஆகும். பின்னர் அவர் பிட்சுபர்க், பபலோ ஆகிய நகரங்களிலும், 2010 முதல் மயாமியில் உள்ள புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்திலும் இதனை நடத்தினார். அமெரிக்க உளவியல் கழகத்தின் சிறுவர் மருத்துவ உளவியல் பிரிவு 1993இல் இதனை ஒரு முன்மாதிரித் திட்டமாகத் தெரிவு செய்தது. பெல்லாம் 2023இல் காலமானார். அவர் வகுத்த கையேட்டைப் பின்பற்றி வேறு பல இடங்களிலும் இத்தகைய முகாம்கள் நடைபெற்றுள்ளன.

முழு வடிவில் இத்திட்டம் எட்டு வாரங்கள் நடைபெறும். வார நாட்களில் நாளொன்றுக்கு 9 மணிநேரம் என்ற கணக்கில் மொத்தம் 360 மணிநேரமாகும். வாரம் ஒரு மணிநேரம் உளவியலாளர் அறையில் அமர்ந்து பேசுவதோடு ஒப்பிட்டால் இது ஏழு ஆண்டுகளுக்கு ஈடான நேரம். சிறுவர்கள் வயதுக்கேற்ப 12 முதல் 16 பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ ஐந்து வழிகாட்டிகள் இருப்பர். இவர்களுள் பெரும்பாலோர் உளவியல் முதலிய பாடங்களைப் பயிலும் பல்கலைக்கழக மாணவர்கள். நாளின் ஒரு பகுதி வகுப்பறையில் கழியும். எஞ்சிய நேரத்தின் பெரும்பகுதி கால்பந்து, கூடைப்பந்து, மென்பந்து, நீச்சல் ஆகியவற்றுக்குச் செல்லும்.

விளையாட்டுக்கு இவ்வளவு இடம் தரப்பட்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சிறுவர் உலகில் நட்பு பெரும்பாலும் ஆடுகளத்தில் உருவாகிறது. ஏடிஎச்டி உடைய சிறுவர் ஆட்டத்தின் விதிகளைக் கவனிக்கத் தவறுகிறார், தன் முறைக்குக் காத்திருப்பதில்லை, தோற்றால் மட்டையை எறிகிறார். அடுத்த நாள் அணி பிரிக்கும்போது அவரைக் கடைசியாகத்தான் அழைப்பார்கள், அல்லது அழைக்கவே மாட்டார்கள். ஆகவே முகாமில் விளையாட்டின் நுட்பங்களும் விதிகளும் ஒரு பாடம் போலவே கற்பிக்கப்படுகின்றன.

முகாம் முழுவதும் ஒரு புள்ளி முறையின் மீது இயங்குகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சி தொடங்குமுன்னும் அதற்குரிய விதிகள் வாய்விட்டுச் சொல்லப்படும். உதவுதல், பகிர்தல், விதியைக் கடைப்பிடித்தல் ஆகியவற்றுக்குப் புள்ளி கிடைக்கும். கேலி செய்தல், குறுக்கிடுதல், சொல்லாமல் இடத்தைவிட்டு நீங்குதல் ஆகியவற்றுக்குப் புள்ளி கழியும். எதற்காகப் புள்ளி கிடைத்தது அல்லது கழிந்தது என்பதை வழிகாட்டி அந்தக் கணத்திலேயே சிறுவரிடம் கூறிவிடுவார். கடுமையான மீறலுக்குச் சிறுவர் சற்று நேரம் விளையாட்டிலிருந்து விலகி அமர வேண்டும். வார இறுதியில் புள்ளிகளைக் கொண்டு வெளியூர்ச் சுற்றுலா முதலிய பரிசுகள் கிடைக்கும். இவற்றோடு ஒவ்வொரு சிறுவருக்கும் இரண்டு மூன்று தனி இலக்குகள் எழுதப்பட்ட அன்றாட அறிக்கை அட்டை ஒன்று மாலையில் வீட்டுக்கு அனுப்பப்படும். அதைப் பார்த்துப் பெற்றோர் அன்றே சிறு பரிசு தருவர். பெற்றோருக்கும் வாரந்தோறும் குழுப் பயிற்சி உண்டு.

முகாமில் எதற்குப் பணம் செலவாகிறது

இத்தகைய முகாமில் சேர்வதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகக்கூடும். மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் எல்லா இடங்களிலும் இதனை ஏற்பதில்லை. செலவின் பெரும்பகுதி பந்துக்கோ மைதானத்துக்கோ செல்வதில்லை, ஆட்களின் ஊதியத்துக்கே செல்கிறது. பதினைந்து சிறுவருக்கு ஐந்து பெரியவர் என்ற விகிதத்தை எந்த நகராட்சி முகாமும் தாங்காது.

ஆனால் விதியை முன்கூட்டியே சொல்லுதல், உடனடியாகப் பின்னூட்டம் தருதல், எட்டக்கூடிய சிறு இலக்கு வைத்தல், அன்றைய பரிசை அன்றே தருதல் ஆகியவற்றுக்குக் காகிதமும் பேனாவும் போதும். மென்பொருள் எழுதுவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பிழையை ஆறு மாதம் கழித்துச் சொல்லும் சோதனையைவிட, ஒவ்வொரு முறை தொகுக்கும்போதும் சொல்லும் சோதனையே நிரலைத் திருத்துகிறது.

பெல்லாமும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. 5 முதல் 12 வயது வரையான 146 சிறுவர்களுள் ஒரு பகுதியினருக்கு முதலில் மருந்தும், மற்றொரு பகுதியினருக்கு முதலில் நடத்தைசார் உதவியும் தரப்பட்டன. நடத்தைசார் உதவி என்பது பெற்றோருக்கான குழு வகுப்புகளும் பள்ளியில் அறிக்கை அட்டையுமே ஆகும். இவற்றில் தொடங்கிய சிறுவர்கள் வகுப்பறை விதிகளை மீறியது குறைவாக இருந்தது, மொத்தச் செலவும் குறைவாக இருந்தது. மருந்தில் தொடங்கிய குடும்பங்களோ பின்னர் பெற்றோர் வகுப்புக்கு அவ்வளவாக வரவில்லை. பள்ளி வயதுக்கு முந்தைய சிறுவர்களுக்கு, அதாவது 4, 5 வயதினருக்கு, பெற்றோர் பயிற்சியையே முதல் சிகிச்சையாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. கோடைக்கு ஒதுக்கக்கூடிய பணம் சிறிதளவே இருந்தால், அதனை ஒரு வார ஆடம்பர முகாமுக்குச் செலவிடுவதைவிடப் பெற்றோர் பயிற்சி வகுப்புக்குச் செலவிடுவதே நீடித்த பயன் தரும் எனலாம்.

வீட்டில் நாளமைப்பு

பள்ளிக்கால அட்டவணையை மணிக்கு மணி வீட்டில் நகலெடுக்க முயல்வது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தோற்றுவிடும். அதற்குப் பதிலாக எழுதல், காலையுணவு, வெளியே செல்லல், மதிய உணவு, உறங்கல் என ஐந்து நிலையான புள்ளிகளை மட்டும் மாறாமல் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள நேரத்தை நிரப்புவது எளிது. அட்டவணை சுவரில் சிறுவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தொடங்காத வயதினருக்குப் படங்களாக வரையலாம். ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நேரமே இச்சிறுவர்களுக்குக் கடினமானது. ஆகவே பத்து நிமிடமும் இரண்டு நிமிடமும் எஞ்சியிருக்கும்போது முன்னறிவிப்புத் தருவதும், கண்ணுக்குத் தெரியும்படி சமையலறை மணிப்பொறி ஒன்றை வைப்பதும் சண்டைகளைக் குறைக்கும். மாதத்தைக் காட்டும் நாட்காட்டியைவிட "இன்று, நாளை" என இரண்டு கட்டங்கள் மட்டும் கொண்ட பலகை சிறு வயதினருக்குப் போதுமானது.

அன்றாட அறிக்கை அட்டையை வீட்டிலேயே உருவாக்கலாம். முதலில் மூன்று நான்கு நாட்கள் எதையும் மாற்றாமல் எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, உணவுமேசையில் சிறுவர் நாளுக்குப் பத்து முறை குறுக்கிடுகிறார் எனக் கொள்வோம். முதல் இலக்கு "குறுக்கிடக் கூடாது" என்று இருக்கலாகாது, "ஏழு முறைக்கு மேல் வேண்டாம்" என்று இருக்க வேண்டும். ஐந்து நாட்களில் நான்கு நாட்களாவது வெல்லக்கூடிய இலக்கே சரியான இலக்கு. சில நாட்கள் தொடர்ந்து வென்ற பின்னர் ஏழு ஐந்தாகலாம். ஒரே நேரத்தில் மூன்று இலக்குகளுக்கு மேல் வைத்தால் பெற்றோரே எண்ணுவதை நிறுத்திவிடுவர். "நல்ல பிள்ளையாக இரு" என்பது இலக்காகாது, ஏனெனில் அதனை எண்ண முடியாது. "இரண்டு நினைவூட்டலுக்குள் காலணி அணிதல்" என்பதை எண்ணலாம்.

பரிசுக்குக் காசு தேவையில்லை. இரவு உணவைத் தெரிவு செய்தல், எந்தப் பூங்காவுக்குப் போவது என்று முடிவு செய்தல், தந்தையோடு இருபது நிமிடம் பந்தாடுதல், கால் மணிநேரம் பிந்திப் படுத்தல் ஆகியவை நன்றாக வேலை செய்கின்றன. திரைநேரத்தைப் பரிசாக வைப்பதானால் அது காலையில் இலவசமாகக் கிடைக்கக் கூடாது. பரிசுப் பட்டியலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, ஏனெனில் இச்சிறுவர்களுக்குப் பழகிய பரிசு விரைவில் சலித்துவிடும். கோடையின் நடுவில் அட்டை "வேலை செய்யவில்லை" என்று கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் இச்சலிப்பே காரணம்.

எல்லா நேரத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. மணலில் குழி தோண்டுவதும் அட்டைப்பெட்டியில் வீடு கட்டுவதும் சிறுவருக்கு உரிமையான நேரங்களே. ஆனால் அந்நேரத்துக்கும் தொடக்கமும் முடிவும் இருப்பது உதவும்.

பொது வளங்கள்

பொது நூலகங்களின் கோடை வாசிப்புத் திட்டம் நாடு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. படித்த நூல்களுக்கோ நிமிடங்களுக்கோ சிறு பரிசுகள் தரப்படுகின்றன. பல நூலகங்களில் ஒலிநூல்களும் கணக்கில் கொள்ளப்படுவதால், நெடுநேரம் அமர்ந்து படிக்க இயலாத சிறுவர் நடந்துகொண்டே கேட்டும் பங்கேற்கலாம். வரைகதைகளைக் குறைவாக மதிக்க வேண்டாம். குளிரூட்டப்பட்ட கட்டடம், அறிவியல் விளையாட்டுகள், கதை நேரம், சில நூலகங்களில் அருங்காட்சியக நுழைவுச்சீட்டை இரவல் பெறும் வசதி ஆகியவையும் உண்டு. நூலகத்தில் ஓசையெழுப்பக் கூடாது என்ற பழைய எண்ணத்தால் இக்குடும்பங்களுள் சில அங்குச் செல்லவே தயங்குகின்றன. சிறுவர் பகுதியில் அந்த விதி இப்போது பெருமளவு தளர்ந்துவிட்டது.

உணவுச் செலவும் கோடையில் கூடுகிறது, ஏனெனில் பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைத்த உணவு நின்றுவிடுகிறது. வேளாண்மைத் திணைக்களத்தின் கோடை உணவுச் சேவைத் திட்டத்தின்கீழ் 18 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பூங்கா, பள்ளி, நூலகம் முதலிய இடங்களில் இலவசமாக உண்ணலாம். திறந்த மையங்களில் வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. ஊர்ப்புறங்களில் உணவை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் 2023 முதல் வழியுண்டு. 2024இல் நடைமுறைக்கு வந்த மற்றொரு நிரந்தரத் திட்டத்தின்படி தகுதியுள்ள ஒவ்வொரு சிறுவருக்கும் கோடைக்கு 120 டாலர் மளிகை அட்டையில் வரவு வைக்கப்படுகிறது. ஆனால் எல்லா மாநிலங்களும் இதில் சேரவில்லை. உணவு மையத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் செல்வது, மேலே கூறிய ஐந்து நிலையான புள்ளிகளுள் ஒன்றைச் செலவின்றி அமைத்துவிடுகிறது.

தேசியப் பூங்காக்களின் இளம் காவலர் திட்டம் ஏடிஎச்டி உடைய சிறுவருக்கெனத் திட்டமிடப்படவில்லை என்றாலும், அவர்களுக்காகவே செய்தது போன்ற அமைப்புடையது. சிறுவருக்கு ஒரு பயிற்சி ஏடு தரப்படும். தடத்தைத் தேடுதல், பறவையை வரைதல், காவலரிடம் ஒரு கேள்வி கேட்டல் எனச் சிறு சிறு பணிகள் அதில் இருக்கும். முடித்தவுடன் காவலர் உறுதிமொழி ஏற்கச் செய்து சின்னம் ஒன்றை அளிப்பார். பணி சிறிது, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது, பரிசு அன்றே கிடைக்கிறது. நாட்டிலுள்ள நானூற்றுக்கு மேற்பட்ட தேசியப் பூங்கா அமைப்பு இடங்களுள் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. கட்டணமுள்ள இடங்களுக்கு, நான்காம் வகுப்பு மாணவரின் குடும்பத்தை இலவசமாக அனுமதிக்கும் திட்டம் 2015இல் தொடங்கி 2019இல் சட்டமாக்கப்பட்டது.

2014இல் தொடங்கிய 'அனைவருக்கும் அருங்காட்சியகம்' என்ற திட்டத்தில், அரசின் உணவு உதவி அட்டையைக் காட்டும் குடும்பத்தினர் ஒருவருக்கு 3 டாலருக்கு மேற்படாத கட்டணத்தில் அல்லது இலவசமாக அருங்காட்சியகங்களுக்குச் செல்லலாம். குறைந்த கட்டணத்தின் மெய்யான பயன், பாதியில் திரும்ப முடிவதே. முழுக் கட்டணம் கட்டிய பெற்றோர் "காசு கொடுத்தாயிற்று" என்று களைத்த சிறுவரை நான்கு மணிநேரம் இழுத்துச் செல்வர், நாள் அழுகையில் முடியும். மூன்று டாலருக்கு முக்கால் மணிநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, அடுத்த வாரம் மீண்டும் போகலாம்.

நகராட்சிப் பூங்காத் துறைகள், ஒய்எம்சிஏ, சிறுவர் சிறுமியர் மன்றங்கள், மாவட்ட அளவில் இயங்கும் 4-எச் ஆகியவை குறைந்த கட்டணத்தில் முகாம்களும் நீச்சல் வகுப்புகளும் நடத்துகின்றன. வருமானத்துக்கேற்பக் கட்டணக் குறைப்பும் பல இடங்களில் உண்டு. ஆனால் அதனைக் கேட்டுப் பெற வேண்டும், இடங்களும் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். சனவரியிலேயே விசாரிப்பது நல்லது.

எந்த விளையாட்டு என்பதும் கவனிக்கத்தக்கது. அடிப்பந்தாட்டத்தில் வெளிக்களத்தில் நிற்கும் சிறுவருக்கு நெடுநேரம் பந்தே வராது. அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் பந்து வரும், பார்வையாளர் அனைவரும் கத்துவர். நீச்சல், தற்காப்புக் கலை, ஓட்டம், மலையேற்றம் ஆகியவற்றில் காத்திருப்பு குறைவு, அடுத்த அசைவு எப்போதும் உடனே வருகிறது. நீச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்யோசனையின்றி நீரில் இறங்கக்கூடிய சிறுவருக்கு அது பாதுகாப்புக் கல்வியாகும். ஆயினும் நீந்தத் தெரியும் என்பதற்காக மேற்பார்வையைத் தளர்த்தலாகாது.

முகாமும் சட்டமும்

1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளி அமெரிக்கர் சட்டம் நகராட்சி முகாம்களுக்கும் தனியார் முகாம்களுக்கும் பொருந்தும். 2008இல் செய்யப்பட்ட திருத்தம், மனத்தை ஒருமுகப்படுத்துதலையும் முதன்மையான வாழ்க்கைச் செயற்பாடுகளுள் ஒன்றாகப் பெயர்குறித்துச் சேர்த்தது. அச்செயற்பாடு கணிசமாகப் பாதிக்கப்பட்ட சிறுவருக்கு முகாம் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். விதிகளை எழுதி ஒட்டுதல், இடைவேளை தருதல், முன்வரிசையில் அமர்த்துதல், மருந்து கொடுத்தல் ஆகியவை இவற்றுள் அடங்கலாம். இம்மாற்றங்களுக்கெனத் தனிக் கட்டணம் விதிக்க முடியாது. "ஏடிஎச்டி உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை" என்ற பொதுவிதியும் செல்லாது, ஒவ்வொரு சிறுவரையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும். அதே வேளையில், முகாமின் இயல்பையே மாற்றிவிடும் அல்லது மிகையான சுமையாகும் மாற்றத்தை மறுக்க முகாமுக்கு உரிமை உண்டு. சமய நிறுவனங்கள் நடத்தும் முகாம்கள் இச்சட்டத்தின் தனியார் பிரிவிலிருந்து விலக்குப் பெற்றவை. அவை நடுவண் அரசின் நிதியைப் பெற்றால் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு பொருந்தும்.

குறைபாட்டை முகாமில் முன்கூட்டிச் சொல்வதா என்பது பெற்றோரிடையே நெடுங்காலமாக உள்ள கேள்வி. சொன்னால் ஒதுக்குவார்களோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் தெரியாத ஒன்றுக்கு முகாம் மாற்றம் செய்து தர இயலாது. சொல்லாமல் சேர்த்து மூன்றாம் நாள் திருப்பி அனுப்பப்படுவதைவிட, ஒரு பக்கக் குறிப்போடு முதல் நாளே வழிகாட்டியைச் சந்திப்பது மேல். அக்குறிப்பில் நோயின் பெயரைவிடப் பயன்படுவது, எது கோபத்தைத் தூண்டும், எது தணிக்கும், எதில் அவர் வல்லவர் என்பதே. பத்தொன்பது வயது வழிகாட்டிக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும்.

சிறப்புக் கல்வி பெறும் சிறுவருக்கு, கோடையில் கற்றதை இழந்துவிடுவார் என்று கருதப்பட்டால் பள்ளி மாவட்டமே இலவசமாக நீட்டிக்கப்பட்ட கல்வியாண்டுச் சேவையை வழங்க வேண்டியிருக்கலாம். இதனை வசந்தகாலக் கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும்.

செலவுக் கணக்கு

பகல் முகாமுக்கான கட்டணத்தை, பெற்றோர் வேலைக்குச் செல்வதற்காகச் செலவிட்டது எனில், 13 வயதுக்குக் குறைந்த சிறுவருக்கான பராமரிப்பு வரிச்சலுகையில் காட்டலாம். ஒரு சிறுவருக்கு 3,000 டாலர், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு 6,000 டாலர் வரையான செலவு கணக்கில் கொள்ளப்படும். இரவு தங்கும் முகாம்கள் இதில் சேரா. இச்சலுகை செலுத்த வேண்டிய வரியைக் குறைப்பது மட்டுமே. வரியே கட்ட வேண்டாத அளவு வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இதனால் எதுவும் கிடைப்பதில்லை, அதாவது மிகவும் தேவைப்படுவோருக்கே இது உதவுவதில்லை. அவர்கள் நாட வேண்டியது மாநிலங்கள் வழியாக வழங்கப்படும் குழந்தைப் பராமரிப்பு மானியமாகும். உரிமம் பெற்ற கோடை முகாம்களுக்கும் அதனைப் பல மாநிலங்களில் பயன்படுத்தலாம், ஆனால் காத்திருப்போர் பட்டியல் இருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நகராட்சி முகாம் வாரத்துக்கு 180 டாலர் எனக் கொண்டால் பத்து வாரத்துக்கு 1,800 டாலர் ஆகும். நான்கு வாரம் மட்டும் முகாம் (720), பெற்றோர் இருவரும் வெவ்வேறு வாரங்களில் எடுக்கும் விடுப்பு இரண்டு வாரம், உறவினர் வீட்டில் ஒரு வாரம், மற்றொரு குடும்பத்தோடு முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும் மூன்று வாரம் எனப் பிரித்தால், எஞ்சிய ஆறு வாரங்களுக்கு நீச்சற்குளக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் மட்டுமே மிஞ்சும். முகாம் வாரங்களை அடுத்தடுத்து வைப்பது நல்லது. புதிய இடமும் புதிய முகங்களும் பழகவே இச்சிறுவருக்கு ஒரு வாரம் ஆகலாம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு முகாம் என்றால் எல்லா வாரமும் முதல் வாரமாகவே கழியும்.

மருந்தும் உறக்கமும்

கோடையில் மருந்தை நிறுத்தலாமா என்பதை மருத்துவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். முகாமுக்குச் செல்லும் வாரங்களில் பள்ளியில் உள்ள அளவே கவனம் தேவைப்படும் என்பதால், விடுமுறைதானே என்று நிறுத்துவது பொருந்தாமல் போகலாம். ஊக்கி வகை மருந்துகள் நண்பகலில் பசியைக் குறைப்பதால், மாத்திரைக்கு முன் நல்ல காலையுணவும், மருந்தின் ஆற்றல் தணியும் மாலையில் மீண்டும் உணவும் தரப்படுகின்றன. வெயிலில் விளையாடும்போது தாகத்தைக் கவனிக்காமல் விடக்கூடும், ஆகவே தண்ணீர் குடிப்பதையும் அட்டவணையில் சேர்க்கலாம். பெரும்பாலான முகாம்கள் மருந்தை மருந்தகப் பெயர்ச்சீட்டுள்ள மூலப்புட்டியிலேயே, மருத்துவர் ஒப்பமிட்ட படிவத்தோடு கேட்கும். உறங்கும் நேரம் பள்ளிக்காலத்தைவிட ஒரு மணிநேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டால் செப்டெம்பர் எளிதாகும்.

ஆய்வுகளின் வரம்புகள்

பசுமையான சூழல் ஏடிஎச்டிக்கு மருந்து என்று பரவலாக எழுதப்படுவதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆந்திரியா பேபர் டெய்லர், பிரான்சிசு குவோ ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 12 வயது வரையான சிறுவர்கள் பூங்கா, நகர்மையம், குடியிருப்புப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் வெவ்வேறு நாட்களில் 20 நிமிடம் நடந்தனர். பூங்காவில் நடந்த பின்னர் எண்களைப் பின்னோக்கிச் சொல்லும் சோதனையில் அவர்கள் மேலும் நன்றாகச் செய்தனர். பங்கேற்றோர் 17 பேர் மட்டுமே, அளக்கப்பட்டது நடையை அடுத்த சிறு நேரமே. பூங்காவில் நடப்பதற்குக் காசும் இல்லை, பக்கவிளைவும் இல்லை என்பதால் செய்து பார்க்கலாம். மருந்துக்கு மாற்றாகக் கொள்ள இவ்வாய்வு போதாது.

கோடைகாலச் சிகிச்சைத் திட்டத்தின் பலனும் முகாம் நடைபெறும் காலத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. 579 சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் முதல் முடிவுகள் வெளியான பன்முகச் சிகிச்சை ஆய்வில், நடத்தைசார் சிகிச்சை பெற்ற குழுக்களுக்கு இந்த எட்டு வார முகாமும் தரப்பட்டது. 14 மாத முடிவில் அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவிட்டுத் தரப்பட்ட மருந்தே தனித்த நடத்தைசார் சிகிச்சையைவிட முன்னின்றது. மூன்று ஆண்டுகளின் பின்னர் குழுக்களிடையே வேறுபாடு காணப்படவில்லை. புள்ளி முறையை நிறுத்தினால் பலனும் தேய்கிறது என்பதே இவ்வகை ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படுவது. எனவேதான் பிற்காலத்தில் பெல்லாம் குழுவினர் முகாமைவிடப் பெற்றோர் பயிற்சிக்கும் பள்ளி அறிக்கை அட்டைக்கும் கூடுதல் அழுத்தம் தந்தனர். சூலை மாதத்தில் வீட்டுச் சுவரில் ஒட்டிய அட்டையைச் செப்டெம்பரில் வகுப்பாசிரியரிடம் கொண்டுசெல்வது இதனாலேயே பரிந்துரைக்கப்படுகிறது. எந்த இலக்கு எந்த அளவில் எட்டப்பட்டது என்ற எண்கள் அதில் ஏற்கெனவே இருக்கும்.